ஏலக்கார அக்காவின் குரலைத் திருடியது யார்?

காலை 10.22.

இயந்திரம் வாயை மூடிக்கொண்டது.

அதுவரை நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தது. டாக்டரின் கையிலிருந்த மெல்லிய கம்பியின் முனை நரம்பில் பட்டால் 'டொக், டொக்' என்றது. எடுத்தால் சும்மா இருந்தது. ஒரு மணி நேரமாக அந்தச் சத்தத்தை நம்பித்தான் கத்தி நகர்ந்தது. இப்போது டாக்டர் தொட்டார். ஒன்றுமில்லை. கம்பியின் முனையைத் துடைத்துவிட்டு மறுபடி தொட்டார். கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தது இயந்திரம்.

"என்னம்மா, உன் பிள்ளை கோவிச்சுக்கிச்சா?"

கேள்வி இயந்திரத்தைக் கவனித்துக்கொள்ளும் டெக்னீஷியனுக்கு. அந்தப் பெண்ணுக்கு அறுவை அரங்கில் டொக்டொக் என்றே பெயர். அவள் திரையையே வெறித்தாள்.

"தெரியல மேடம். பத்து ரெண்டுக்குக்கூட நல்லா அடிச்சுது."

யாரும் சிரிக்கவில்லை. சாதாரணமாக அந்த அரங்கில் சிரிப்புக்குப் பஞ்சமே கிடையாது.

மேசையில் தூங்கிக்கொண்டிருந்தவர் மீன் சந்தையின் ஏலக்கார அக்கா. கழுத்தில் தைராய்டு சுரப்பி இரண்டு பக்கமும் எலுமிச்சை அளவு வீங்கி, சாப்பிட விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது. சுரப்பியை எடுப்பது பெரிய வித்தையில்லை. அதன் முதுகில் ஒட்டினாற்போல் பக்கத்துக்கு ஒன்றாக ஓடும் குரல் நரம்பை விட்டுவிட்டு எடுப்பதுதான் வித்தை. தையல் நூல் கனம்கூட இருக்காது. கொஞ்சம் இழுபட்டால் போதும், குரல் போய்விடும்.

அதற்குக் காவல்காரன்தான் இந்த இயந்திரம். மூச்சுக்காகத் தொண்டைக்குள் விட்ட குழாயில் மின்தகடுகள் இருந்தன. அவை குரல்நாண்களைத் தொட்டுக்கொண்டிருந்தன. நரம்பைக் கம்பியால் தொட்டால் குரல்நாண் துடிக்கும்; துடித்தால் 'டொக்'. சத்தம் வரும்வரை குரல் பத்திரம்.

சத்தம் வரவில்லை.

போன வாரம் இதே டாக்டரின் அறையில் உட்கார்ந்து அக்கா சொன்னது டாக்டரின் காதில் இன்னும் இருந்தது. "டாக்டரம்மா, கழுத்துல தழும்பு விழட்டும், பரவாயில்ல. இந்தத் தொண்டை போச்சுன்னா நான் என்ன, கையைக் காலை ஆட்டியா மீன் ஏலம் விடுவேன்?" அந்தக் குரலுக்கு அறையின் கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது. கூட வந்திருந்த கணவர் அதிகம் பேசாத மனிதர். "இவ சத்தம் கேட்டாத்தான் எனக்கு விடிஞ்ச மாதிரி இருக்கும்மா" என்று மட்டும் சொன்னார். டாக்டர் சத்தியம் எல்லாம் செய்யவில்லை. ஆனால் "பாத்துக்கறேன் அக்கா" என்று சொல்லியிருந்தார். அவரைப் பொறுத்தவரை அதுவும் சத்தியம்தான்.

"சிஸ்டர், கத்தி, கத்தரி எல்லாத்தையும் வாங்கிக்கோங்க. யாரும் எதையும் தொட வேண்டாம். இது இப்ப குற்றம் நடந்த இடம்."

இந்த டாக்டருக்குத் துப்பு டாக்டர் என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. ஆள் குள்ளம், முக்காலி போட்டு ஏறி நின்றுதான் அறுவை செய்வார். மேசை இழுப்பறையில் மருத்துவப் புத்தகத்தைவிடத் துப்பறியும் நாவல்கள்தான் அதிகம். உள்ளே நுழையும் நோயாளியின் செருப்பைப் பார்த்தே என்ன வேலை செய்கிறார் என்று சொல்லிவிடுவார். பாதி நேரம் தப்பாகவும் சொல்வார்.

"கதவு எத்தனை மணிக்குச் சாத்தினது?"

"அக்கா உள்ள வந்ததும் சாத்தினது மேடம்," என்றார் சிஸ்டர். "அப்புறம் ஈ காக்கா வரல, போகல."

"அப்ப திருடன் உள்ளதான் இருக்கான். நாலே பேர். நான், சிஸ்டர், டொக்டொக், நம்ம சார்."

சார் என்பது மயக்க டாக்டர். பெரிய உருவம், அதைவிடப் பெரிய மீசை. முகக்கவசத்துக்குள் அடங்காமல் இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டிருக்கும்.

"அக்காவை விட்டுட்டீங்களே மேடம். அஞ்சு பேர்."

"அவங்க தூங்கறாங்க சார். முதல் சந்தேகம் என் மேலதான். டொக்டொக், பத்து ரெண்டுல இருந்து இப்ப வரைக்கும் நடந்ததை ஒண்ணு விடாம சொல்லு."

அவள் விரல் விட்டுச் சொன்னாள். "பத்து ரெண்டு. நீங்க நரம்பைத் தொட்டீங்க, நல்ல சத்தம். அப்புறம் வீக்கம் வராம இருக்க ஸ்டீராய்டு கேட்டீங்க, சார் போட்டாரு. விளக்கு கண்ணுல அடிக்குதுன்னீங்க, சிஸ்டர் திருப்பினாங்க. அப்புறம் இடது பாதியை நரம்புல இருந்து பிரிச்சு எடுத்தீங்க. அது முடிஞ்சு தொட்டீங்க. சத்தம் இல்ல."

"நரம்புல இருந்து பிரிக்கிற இடம்தான் ஆபத்தான இடம்," என்றார் டாக்டர். குரல் இறங்கியிருந்தது. "அங்கதான் இழுபடும்."

கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடி வழியே உற்றுப் பார்த்தார். இடது நரம்பு வெள்ளையாக, முழுசாக, ஒரு காயம் இல்லாமல் படுத்திருந்தது. ஆனால் இழுபட்ட நரம்பும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். முகத்தைப் பார்த்து நல்லவனா கெட்டவனா என்று எப்படிச் சொல்வது?

10.26. விசாரணை தொடங்கியது.

"டொக்டொக். ஒயர்?"

"எல்லாம் இறுக்கமா இருக்கு மேடம். கம்பி வழியா கரன்ட் போகுதுன்னு திரையில காட்டுது."

"சிஸ்டர். விளக்கைத் திருப்பும்போது கையோ காலோ எதுலயாவது பட்டுச்சா?"

"முப்பது வருஷமா இந்த விளக்கைத் திருப்பறேன் மேடம். என் வீட்டுக்காரரைவிட எனக்கு இது நல்லாப் பழக்கம்."

"சார். குழாய் நகர்ந்திருக்குமா?"

மயக்க டாக்டர் சின்னக் கேமராவை வாய் வழியே விட்டுப் பார்த்தார். திரையில் குழாயின் நீலப் பட்டை குரல்நாண்களுக்கு நடுவே கச்சிதமாக நின்றது. "வச்ச இடத்துல வச்ச மாதிரியே இருக்கு."

"அப்ப நேரா கேக்கறேன். தசையைத் தளர்த்தற மருந்து ஏதாவது இடையில குடுத்தீங்களா?"

அந்த மருந்து உடம்பில் இருந்தால் நரம்பு கூப்பிட்டாலும் தசை எழுந்திருக்காது. அதனால்தான் இந்த அறுவையில், தொண்டைக்குள் குழாய் விடுவதற்கு மட்டும் ஆரம்பத்தில் கொஞ்சம் கொடுப்பார்கள். அது வடிந்த பிறகுதான் இயந்திரத்தை நம்புவார்கள்.

மயக்க டாக்டருக்குச் சுருக்கென்றது. "ஒரு சொட்டு இல்ல மேடம். எட்டே முக்காலுக்கு மூணு மில்லி. அதோட சரி. அது வடிஞ்சுதானே ஒன்பது இருபதுக்கு உங்களுக்கு டொக் டொக்குன்னு பாடிச்சு? என் மீசை மேல சத்தியம்."

மீசை மேல் சத்தியம் என்றால் அதற்கு மேல் மேல்முறையீடு கிடையாது.

டாக்டர் குரல்வளைக்குப் பின்னால் விரலை வைத்துக்கொண்டு கம்பியால் நரம்பைத் தொட்டார். இயந்திரம் பொய் சொல்லலாம், விரல் சொல்லாது. உயிருள்ள தசை என்றால் விரலின் கீழ் ஒரு சின்னத் துள்ளல் தெரியும்.

துள்ளல் இல்லை.

ஒயர் சரி. குழாய் சரி. மருந்து இல்லை. தசை துடிக்கவில்லை. எல்லா விரலும் அவரையே காட்டின. அறை குளிர்ந்திருந்தும் அவர் நெற்றியில் வியர்வை பூத்தது. சிஸ்டர் ஒற்றி எடுத்தார்.

இனி சட்டப்படி செய்ய வேண்டியது ஒன்றுதான். இடது நரம்பு செத்திருந்தால் வலது பக்கத்தைத் தொடக்கூடாது. அதுவும் போனால் குரல் மட்டுமல்ல, மூச்சே அடைத்துக்கொள்ளும். பாதியோடு தைத்து அனுப்ப வேண்டும். மிச்ச வீக்கம் அக்காவின் கழுத்திலேயே இருக்கும். குரல் வருமா வராதா என்று மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

"தையல் ஊசி எடுத்து வைக்கட்டுமா மேடம்?" சிஸ்டர் மெதுவாகத்தான் கேட்டார்.

"இருங்க." டாக்டர் முக்காலியில் கால் மாற்றி நின்றார். "திருடன் ஒரு வீட்டுலதான் பூந்தானா, தெருவுக்கே பூந்தானான்னு பாக்கலையே."

வலது பக்கத்துத் தசையை மெல்ல விலக்கினார். இன்று கத்தியே படாத பக்கம் அது. பெரிய இரத்தக்குழாயை ஒட்டி ஓடும் தாய் நரம்பைக் கம்பியால் தொட்டார். குரல் நரம்பு அதன் கிளைதான். தாயைத் தொட்டால் பிள்ளை பேச வேண்டும்.

சத்தமில்லை.

"இன்னொரு தடவை மேடம்," என்றாள் டொக்டொக்.

இன்னொரு தடவையும் இல்லை.

டாக்டர் நிமிர்ந்தார். கண்ணில் பழைய வெளிச்சம் கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

"நான் காலடி எடுத்து வைக்காத வீடு. அங்கயும் திருட்டு. அப்ப திருடன் நான் இல்ல. சார், கட்டைவிரலைக் காட்டுங்க."

"என் கட்டைவிரலையா?"

"அக்காவோடதை."

அக்காவின் இரண்டு கைகளும் உடம்போடு ஒட்டிப் பச்சைத் துணிக்கு அடியில் கட்டப்பட்டிருந்தன. கழுத்து அறுவைக்கு அப்படித்தான். டாக்டர் இரண்டு பக்கமும் நிற்க இடம் வேண்டுமே. இடது மணிக்கட்டில் ஒரு சின்னக் கருவி மாட்டியிருந்தது. அதை அழுத்தினால் மின்சாரம் பாய்ந்து கட்டைவிரல் ஆடும். தசைத் தளர்வு வடிந்துவிட்டதா என்று மயக்க டாக்டர் ஒன்பது இருபதுக்கு அதைத்தான் பார்த்தார். நன்றாக ஆடியது. அதன்பின் துணியைத் தூக்கிப் பார்க்க அவருக்கு அவசியமே வரவில்லை.

இப்போது தூக்கினார். அழுத்தினார்.

கட்டைவிரல் அசையவில்லை.

மயக்க டாக்டர் குனிந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, மறுபடி அழுத்தினார். சொரணையே இல்லாமல் கிடந்தது விரல்.

"சொல்லுங்க சார்," என்றார் டாக்டர். இப்போது அவர் குரல் கொண்டாட்டமாக இருந்தது. "கழுத்துல நான் கை தவறினா கட்டைவிரல் எதுக்குச் சும்மா இருக்கும்? நரம்பு சாகல. உடம்பு மொத்தத்துக்கும் யாரோ மருந்து வச்சிருக்காங்க. இது கொலை இல்ல, மயக்கம் குடுத்துப் பண்ணின திருட்டு."

"ஆனா நான் குடுக்கலையே!" மயக்க டாக்டர் தட்டிலிருந்து ஒரு சிரிஞ்சை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். "இதோ அந்த மூணு மில்லி சிரிஞ்ச். காலி. வேற சிரிஞ்ச் திறக்கவே இல்ல. எல்லாமே எட்டே முக்காலுக்குப் போயிடுச்சு."

"போயிடுச்சு, சரி. எங்க போச்சு?"

"எங்க போகும்? அக்கா உடம்புக்குள்ள."

டாக்டர் கையுறை அணிந்த கைகளை நெஞ்சுக்கு நேரே கோத்துக்கொண்டு, காலை எட்டே முக்காலுக்குத் திரும்பிப் போனார்.

காலை 8.45. அக்காவை மேசையில் படுக்க வைத்துக் கைகளை உடம்போடு கட்டியாயிற்று. கை துணிக்குள் போய்விட்டதால் ஊசியை நேரே கையில் போட வழியில்லை. கை நரம்பில் ஏற்றியிருந்த டிரிப்ஸ் குழாயிலிருந்து நீளமான ஒரு பக்கக்குழாயை வெளியே இழுத்து, தலைமாட்டில் தொங்கவிட்டிருந்தார் மயக்க டாக்டர். அப்போது அவர் இன்னும் முகக்கவசம் போட்டிருக்கவில்லை.

அக்கா அண்ணாந்து அந்த மீசையைப் பார்த்தார். தூக்க மருந்து ஏறத் தொடங்கியிருந்தது. பயமோ என்னவோ, பழக்க தோஷத்தில் ஏலம் ஆரம்பித்துவிட்டார்.

"வாங்க வாங்க! இன்னிக்குப் பிடிச்சது, துள்ளத் துடிக்க இருக்கு! மீசை வச்ச மீனு! ஆளு உசரம், தலை மட்டும் ஒரு குடும்பம் சாப்பிடலாம்! ஐநூறு! யாரு கேக்கறா?"

"அறுநூறு!" என்று சிஸ்டர் கையைத் தூக்கிவிட்டார்.

"அறுநூறு... நல்லாப் பாத்துக்கோ தாயி, செதில் உரிக்கவே ரெண்டு நாள் ஆகும்... ஒரு தரம்... ரெண்டு தரம்..."

அதோடு தூங்கிப்போனார்.

அரங்கமே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. டொக்டொக் சுவரில் சாய்ந்துவிட்டாள். மயக்க டாக்டர் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே தசை மருந்தைப் பக்கக்குழாயில் செலுத்தினார். பிறகு தொண்டைக்குள் குழாயை விடும்போது அக்கா ஒரு இருமல் இருமினார். "என்னடா இது, மருந்து இன்னிக்கு மந்தமா இருக்கு" என்று முணுமுணுத்துவிட்டு, ஒரு நிமிடம் பொறுத்து இன்னொரு தடவை முயன்று குழாயை விட்டார்.

டாக்டர் கண்ணைத் திறந்தார்.

"சார், மூணு கேள்வி. அந்தப் பக்கக்குழாய்க்குள்ள எவ்வளவு பிடிக்கும்?"

"நீளமான குழாய். ஒண்ணரை மில்லி பிடிக்கும்."

"மருந்து போட்டா அது குழாயிலயே தங்கிடாம இருக்க என்ன பண்ணுவீங்க?"

"பின்னாலயே உப்புத் தண்ணி விட்டுத் தள்ளுவேன். கை தானா செய்யும்."

"இன்னிக்குக் கை தானா செஞ்சுதா?"

மயக்க டாக்டரின் மீசைப் புடைப்பு முகக்கவசத்துக்குள் மெல்லக் கீழே இறங்கியது.

"சிரிச்சுக்கிட்டு இருந்தேன்," என்றார்.

"அதேதான்." டாக்டர் முக்காலியிலிருந்து இறங்கப்போய், மேசை உயரம் நினைவுக்கு வந்து, அங்கேயே நின்றுகொண்டார். "மூணு மில்லி உள்ள தள்ளினீங்க. பாதிதான் அக்காவுக்குப் போச்சு. அதனாலதான் அவங்க இருமினாங்க. மருந்து மந்தமில்ல சார், பாதி மருந்து வந்தே சேரல. மிச்ச பாதி குழாய்க்குள்ள சமர்த்தா படுத்துக்கிச்சு. மத்த மருந்தெல்லாம் டிரிப்ஸ் வழியா போச்சு, அதனால பக்கக்குழாய்ல படுத்திருந்ததை யாரும் எழுப்பல. போன பாதி ஒன்பது இருபதுக்குள்ள வடிஞ்சுது, இயந்திரம் பாடிச்சு. நானும் நம்பி வேலையைப் பாத்தேன். அப்புறம் பத்து ரெண்டு தாண்டி நான் ஒண்ணு கேட்டேன்."

"ஸ்டீராய்டு!" என்று கத்தினாள் டொக்டொக்.

"குரல் நல்லா இருக்கணும்னு நானே கேட்டு வாங்கின ஸ்டீராய்டு. அதை எதுல போட்டீங்க சார்?"

"பக்கக்குழாய்ல," என்றார் மயக்க டாக்டர். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

"பின்னால வந்த ஸ்டீராய்டு, முன்னால படுத்திருந்த ஆளை எழுப்பி உள்ள அனுப்பிடுச்சு. பூட்டின அறைக்குத் திருடன் வெளியில இருந்து வரல. எட்டே முக்கால்ல இருந்து உள்ளயே பதுங்கி இருந்திருக்கான்."

சிஸ்டர் கேட்டார்: "அப்ப குற்றவாளி யாரு மேடம்? சாரா?"

"சாருக்குப் பங்கு உண்டு. கேட்டு வாங்கின எனக்கும் உண்டு. ஆனா சாரைச் சிரிக்க வச்சுக் கையைக் கட்டிப்போட்டது யாரு?" டாக்டர் கம்பியால் மேசையைக் காட்டினார். "முதல் குற்றவாளி இதோ படுத்திருக்காங்க. அவங்க குரலை அவங்களே திருடிட்டாங்க."

"நான்தான் அப்பவே சொன்னேனே, அஞ்சு பேருன்னு," என்றார் மயக்க டாக்டர். சொல்லும்போதே அவர் கை தசைத் தளர்வை முறிக்கும் மாற்று மருந்தை எடுத்துவிட்டது. இந்தத் தடவை பக்கக்குழாயில் போட்டு, பின்னாலேயே உப்புத் தண்ணீர் விட்டு, இன்னும் ஒரு தடவையும் விட்டார்.

துப்பு சரியா தப்பா என்பதை இனி அக்காதான் சொல்ல வேண்டும். சொன்னது எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இடது நரம்பு உண்மையிலேயே இழுபட்டிருந்தால்? கட்டைவிரல் எழுந்து, வலது எழுந்து, இடது மட்டும் எழாமல் போனால்? டாக்டர் கம்பியைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

முதலில் கட்டைவிரல் ஆடியது. சிஸ்டர் "ஆங்!" என்றார்.

10.44. டாக்டர் இடது நரம்பைத் தொட்டார்.

டொக்.

எடுத்துவிட்டுத் தொட்டார்.

டொக், டொக், டொக்.

டொக்டொக் கைதட்டிவிட்டு, எங்கே நிற்கிறோம் என்று ஞாபகம் வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"சிஸ்டர், தையல் ஊசி இப்ப வேண்டாம்," என்றார் டாக்டர். "கத்தியைக் குடுங்க. வலது பக்கம் பாக்கி இருக்கு."

பகல் 12.50. எழுப்பும் அறை.

வலது பக்கமும் சத்தம் குறையாமல் முடிந்திருந்தது. தொண்டைக் குழாயை எடுத்தாயிற்று. ஆனாலும் நான்கு பேரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். வேறு வேலை இல்லாதவர்கள் மாதிரி. இயந்திரம் ஆயிரம் சொல்லட்டும். ஆள் சொல்ல வேண்டும்.

அக்காவின் இமை அசைந்தது.

"அக்கா, கண்ணைத் திறங்க. ஆப்பரேஷன் முடிஞ்சாச்சு. ஏதாவது பேசுங்க பாக்கலாம்."

அக்கா கண்ணைத் திறந்தார். டாக்டரைப் பார்க்கவில்லை. முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு, குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவர் மாதிரி கால்மாட்டில் நின்ற பெரிய மீசையைத்தான் பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். காலையில் பாதியில் விட்ட வேலை ஏதோ ஒன்று நினைவுக்கு வருவது முகத்தில் தெரிந்தது. வலது கை போர்வைக்குள்ளிருந்து மெல்ல மேலே எழும்பியது.

"மூணு தரம்!"

குழாய் உரசிய கரகரப்பு கொஞ்சம் இருந்தது. மற்றபடி அதே குரல். மருந்துத் தட்டில் இருந்த கண்ணாடிக் குப்பி ஒன்று கிணுங்கியது.

டாக்டர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கதவுக்கு அப்பால், நடைவழி பெஞ்சில், காலையிலிருந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த கணவர் எழுந்து நின்றுவிட்டார். பக்கத்தில் இருந்தவரிடம், "முழிச்சுட்டா," என்றார்.

உள்ளே மயக்க டாக்டர் ஒரு அடி முன்னால் வந்தார். "அக்கா, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். இன்னிக்கு நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். நல்லாத் தெளிஞ்சதும் உக்காந்து முழுசா சொல்றேன்."

"மீனு பேசக்கூடாது," என்றார் அக்கா. பிறகு தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் சுழற்றி, அறை முழுவதும் தேடினார். "அறுநூறு யாரு கேட்டது?"

சிஸ்டர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார்.

"எடுத்துட்டுப் போ தாயி. என்கிட்ட திருப்பி வாங்கற பழக்கம் இல்ல."